காலைத் தூக்காதே

திங்கட்கிழமை எங்கள் அடுப்புக்கு விடுமுறை.
வாடகைப் பலகை, ஒரு துடுப்பு,
விலாவை இறுக்கும் மிதவைச் சட்டை.
ஆந்தெர்னோஸ் துறையிலிருந்து
கடல் வற்றும் நேரம் பாராமல் கிளம்பினேன்.
எனக்கு முன்னால் தண்ணீர் கிளம்பிவிட்டது என்பது
பலகையின் அடித்துடுப்பு மணலில்
கிறீச் என்றபோதுதான் உறைத்தது.

முழங்காலுக்கும் கீழே நீர்.
கரையோ அரைமணி நடைக்கு அப்பால்
பைன் மரங்களின் ஒரு கோடு.
சிப்பி வளர்க்கும் கழிகள்
பல் உதிர்ந்த சீப்புகளாய் நின்றன.

இறங்கப்போன என் காலை
மணல் பார்த்தது.

ஆமாம், மணலுக்குக் கண் இருந்தது. இரண்டு.
ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒரு துளை
திறந்து மூடியது,
அவசரமே இல்லாமல்.
பிறகு மணலின் ஓரம் நெளிந்தது.
நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்த ஓர் ஆப்பம்
கலங்கலைக் கிளப்பிக்கொண்டு
ஒரு முழம் நகர்ந்து
மறுபடி மணலாயிற்று.

ஒன்றல்ல.
பார்க்கப் பழகிய கண்ணுக்கு ஏழு.
அதற்குமேல் எண்ணவில்லை.

வாரத்துக்கு நாற்பது சிறகாவது
என் கத்தியில் தோலுரியும்.
வெண்ணெய் பழுப்பேறும் நொடி தெரியும்.
குருத்தெலும்பை விட்டுச் சதை கழன்றுவர
எத்தனை நிமிடம் என்பதும் தெரியும்.
இவ்வளவு தெரிந்தவனுக்கு
அது மூச்சு விடும் என்பது
தெரியாமல் போயிற்று.

திருக்கை.
பெயரில் திருவும் உண்டு, கையும் உண்டு;
உடம்பில் இருப்பது வால்.
அந்த வாலைப் பற்றி நம் மொழியில்
வெளுத்துவிடுவேன் என்கிற மிரட்டல் தவிர
வேறு பேச்சு கிடையாது.

அப்போதுதான் அலறல்.
கூப்பிடு தூரத்தில், மஞ்சள் பலகையில் ஒருத்தி
வலது காலை இரு கையாலும் பிடித்தபடி
கடலின் தாயாரை
விரிவாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் குரலை மாற்றினாள்:
"காலைத் தூக்காதே! தேய்த்து வா.
நான் குதித்தேன். குதித்ததற்குக் கூலி இது."

தேய்த்தேன்.
படம் ஓடும்போது வரிசைக்குள் நுழைகிறவனுக்கு
எரிச்சலோடு முட்டியை மடக்குகிறவர்கள் போல
அவை ஒவ்வொன்றாய் எழுந்து
வழிவிட்டு அமர்ந்தன.
ஒன்றின் விளிம்பு என் கணுக்காலை உரசிப் போனது.
ஈரப் பட்டு.
அந்த இடம் இன்னும் என்னுடையதாகத் தோன்றவில்லை.

பெயர் மாரிவோன். தபால்காரி.
"அறுநூறு பெட்டிகள் இந்தக் காலுக்கு,
நாளைக்கு யார் போவது?"
பாதத்தின் மேல் சிறிய கிழிசல்,
சுற்றிலும் நாவல்பழ நிறம்.
"சூடு வேண்டும். தாங்குகிற சூடு."

கடல் நடுவில் என்னிடமிருந்த ஒரே சூடு
ஃபிளாஸ்கில், பால் சேர்க்காத காபி.
"நல்ல காபியா?"
"நானே இறக்கியது."
"அடப் பாவமே" என்று
ஒரு மூடி குடித்தாள்;
மிச்சத்தைக் காலில் ஊற்றச் சொன்னாள்.
ஊற்ற ஊற்ற அவள் பல்லைக் கடித்தது
வலிக்கா, வீணாவதற்கா,
கேட்கவில்லை.

அவள் பலகையின் கயிறு என் இடுப்பில்,
என் பலகை அவள் பலகைக்குப் பின்னால்.
கரை வரை பேச்சில்லை.
தேய்த்தல் மட்டும்.

வியாழன் இரவு, ஒன்பதாம் மேசை:
திருக்கைச் சிறகு, ஒன்று.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு காலில் செருப்பு, மறுகாலில் கட்டு.
தட்டை நானே கொண்டுபோனேன்.
"இது வேறு சாதி" என்றேன்,
"வாலில் நஞ்சு கிடையாது.
உன்னைக் குத்தியது இதல்ல."
"சொந்தக்காரன்தானே?
வை."

வைத்தேன்.
எலுமிச்சையை
நெடுநேரம் பிழிந்தாள்.

கதவிலிருந்து அடுப்புக்குப் பதினொரு ஓடு,
கழுவிவிட்ட ஈரம்.
பாத்திரம் தேய்க்கும் லுவிக்
குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டான்:
"ஏன் இப்படி நடக்கிறாய்?
கீழே என்ன இருக்கிறது?"