தாரா, ஜல்லியா?

மூன்று ராத்திரி, நான்கு பகல்.
சமையலறை மேசையில் வரைபடம்.
மடிப்புகள் எழும்பாமலிருக்க
ஒரு மூலையில் உப்புக் குடுவை,
ஒரு மூலையில் பிரேடாவின் கையுறை,
பாதி உரித்த ஆரஞ்சு இன்னொன்றில்.

ப்துய் ஊரிலிருந்து கிளம்பி
முதல் ராத்திரி சோல்சாவா.
மறுநாள் வெர்ஷிச் கணவாய், ஐம்பது கொண்டை ஊசிகள்,
ஏறி இறங்கினால் த்ரெந்தா.
மூன்றாவது செர்க்னோ பக்கம் எங்காவது.
நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் தாண்டினால்
அது சவாரி இல்லை, தபால் பட்டுவாடா
என்கிறாள் என் தங்கை.
இருபத்திரண்டு வருஷமாய்
தபால் பிரிப்பவள் நான்.
சிரித்து வைத்தேன்.

தங்குமிடம் பார்ப்பது என் பொறுப்பு.
வண்டிக்கு மேல் கூரை உண்டா,
நனைந்த பூட்ஸ் காய மூலை உண்டா,
ஏழு மணிக்கே காப்பி கிடைக்குமா,
இதெல்லாம் அவள் காதுபடக் கேட்பேன்.
பிறகு ஃபோனோடு பால்கனிக்குப் போய்
கதவைச் சாத்திக்கொண்டு
குரலைத் தாழ்த்தி:
உங்கள் வாசலில் தாரா, ஜல்லியா?

த்ரெந்தாக்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
திரைச்சீலையின் நிறம் கேட்டிருக்கிறார்கள்,
சேவல் எத்தனை மணிக்குக் கூவும் என்று கேட்டிருக்கிறார்கள்,
இதை யாரும் கேட்டதில்லை என்றாள்.
தார்தான், போன வருஷம் போட்டது.
ஒரு ராத்திரி முடிந்தது.

போன செப்டம்பர்.
நெடுஞ்சாலையில் இல்லை. மழையில் இல்லை.
நானூறு கிலோமீட்டர் வந்து
கூடார மைதானத்தின் வாசலில்,
நடக்கிற வேகத்தில் திரும்பும்போது,
ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளியாகிவிட்டது,
வந்துவிட்டோம் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.
ஜல்லியில்
மாடு படுப்பது மாதிரி நிதானமாகப் படுத்தது வண்டி,
அவள் மணிக்கட்டின் மேல்.
ஒரு தகடு, ஆறு திருகாணி.
குளிர்காலம் முழுக்க டென்னிஸ் பந்தைப் பிசைந்தாள்.
டிவி பார்க்கும்போதும். அப்பா அடக்கத்தின்போதும்
கோட்டுப் பைக்குள்.

சோல்சாவாவில் ஒரு வீடு.
தலைக்கு முப்பத்தெட்டு யூரோ, காலை உணவு சேர்த்து.
பிளம் ஜாம். வண்டிகளுக்கு வைக்கோல் கொட்டகை.
ரோட்டிலிருந்து எண்பது மீட்டர் ஏற்றம்,
அவ்வளவும் ஜல்லி.
பட்டியலில் அடித்தேன்.

இதை ஏன் அடித்தாய்?
நாய் இருக்கிறதாம்.
எத்தனை?
ரெண்டு.
என்ன ஜாதி?

பொய்க்கு ஒரு எல்லை உண்டு,
எனக்கு நாய் ஜாதி எதுவும் தெரியாது.

ஃபோனைப் பிடுங்கி மேசையில் வைத்து,
ஒலிபெருக்கியைப் போட்டு,
பால்கனி கதவு திறந்தே கிடக்க,
அவளே கேட்டாள்: நாய் வளர்க்கிறீர்களா?
இல்லையே, ஒரு பூனை, அதுவும் பாதி பக்கத்து வீட்டுக்குச் சொந்தம்.
என்னைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே,
அப்போ ஜல்லியா? என்றாள்.
ஆமாம் என்றது ஃபோன்.
நான் வரைபடத்தில் இல்லாத ஏதோ ஊரைத் தேடினேன்.

கல் எவ்வளவு பெரிசு?

அந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ.
கதவு திறக்கிற சத்தம்,
பிறகு கரக் கரக்கென்று அவர் காலடி.
செர்ரிப் பழ அளவு, என்றார்.
ஓரத்தில் முட்டை அளவு கிடக்கிறது, அங்கே வராதீர்கள்.
நடுவில் டிராக்டர் தடம் இறுகியிருக்கிறது.
நாளைக்குத் தண்ணீர் விட்டுச் சமம் பண்ணட்டுமா?

வேண்டாம், என்றாள் பிரேடா.
எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.
முதல் ராத்திரி எங்களுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

செர்க்னோ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அவர் ஃபோனை வைக்க மறந்துவிட்டார்.
இவளும் வைக்கவில்லை.
எண்பது மீட்டர் இறக்கம், மறுபடி ஏற்றம்,
ஜல்லியில் யாரோ நடப்பதைக் கேட்டுக்கொண்டே
ஆரஞ்சின் மீதியை உரித்தாள்,
தகடு வைத்த கையால்.
வரைபடத்தின் அந்த மூலை
மெல்ல எழும்பியது.