அமரத்துக்கு ஒன்று

களியக்காவிளைச் செக்போஸ்ட்டுக்கு இப்பால்
புது இரும்பும் பழைய இரும்பும்
ஒரே தராசில் ஏறும் கடை.
மீன் லாரி சொட்டிப்போன தண்ணீரைத் தாண்டி
உள்ளே போனேன்.
முப்பத்தெட்டு மீட்டர் மோட்டார் படகு,
அமரத்தில் போட ஒரு நங்கூரம் வேண்டும் என்றேன்.

"அணியத்தில என்ன கிடக்கு?"
சிலுவைதாசன் நாற்காலியை விட்டு எழும்பவில்லை.
"ரெண்டு. ஒவ்வொண்ணும் இருநூற்றைம்பது கிலோ.
சங்கிலியும் வின்ச்சும் உண்டு."
"பின்ன எதுக்கு வாலில ஒண்ணு?"

எதுக்கென்றால்,
போன மாசியில் விழிஞ்ஞத்துக்கு வெளியே
காற்று வடமேற்கு, அலை தென்மேற்கு.
படகு காற்றுக்கு மரியாதை செய்து
மூக்கை அங்கே திருப்பி நின்றது.
அலை வந்து வந்து விலாவில் உதைத்தது.
விருந்தாளிகள் கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரத்துக்கு உருண்டார்கள்.
முதலாளியின் மாமியார் விடியும்வரை
வாளியைக் கட்டிப்பிடித்து
ஜெபமாலை சொன்னார்.
அமரத்தில் ஒரு பிடி இருந்திருந்தால்
மூக்கை அலைக்கு நேராக நிறுத்தியிருக்கலாம்.
அவ்வளவுதான்.
ஒரு ராத்திரித் தூக்கத்துக்கான இரும்பு.

முதலாளி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்:
முகம் பார்க்கலாம் போல மின்னும் எஃகு.
'பின்னால் வருகிற படகுகள் இதைத்தான் பார்க்கும்.'

கேப்டன் குரியாச்சன் போனில்:
"எடை குறைக்கண்டா, மெர்லின்."
அவருக்கு நூற்றிருபது கிலோ கலப்பை மூக்கன்.
சிலுவைதாசன் அதன் கழுத்தில் தட்டினார்,
சந்தைக்கு வந்த காளையைத் தட்டுவதுபோல.

நான் குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தேன்.
அது என்னைத் தூக்கிப் பார்த்தது.

அமரத்தில் இதற்கு வின்ச் கிடையாது.
ரப்பர் வள்ளத்தில் ஏற்றி
கிளீட்டஸும் நானும்தான் கொண்டுபோக வேண்டும்,
ராத்திரி, எதிரே அலை,
அவன் கையில் மோட்டார், என் மடியில் நங்கூரம்.
குரியாச்சன் மேல்தளத்தில் நின்று டார்ச் அடிப்பார்.

மூலையில் ஒரு துணிப்பை கிடந்தது.
அலுமினியம், ஐந்து துண்டு, முப்பத்தொரு கிலோ.
பூட்டினால் விரித்த இரண்டு உள்ளங்கைபோல் ஒன்று.
"இது கடலில தாழுமாக்கும்?"
விற்கிறவரே கேட்டார்.
மணலில் தாழும். சேற்றில் இன்னும் தாழும்.
பாறையில் ஒன்றும் ஆகாது,
பாறையில் நான் போடப்போவதும் இல்லை.

இன்னொரு காரணம் இருந்தது.
போனில் சொல்லவில்லை.
காற்று திடீரென்று ஏறினால்
படகு திரும்பப் பார்க்கும்.
பின்பிடி விடாது.
விலா முழுக்கக் காற்று வாங்கி
இரண்டு நங்கூரத்துக்கும் நடுவே
கட்டிப்போட்ட மாடாகத் திமிறும்.
அப்போது முதலில் விட வேண்டியது இதைத்தான்.
அந்த நிமிடத்தில் இதன் விலை ஞாபகம் வரக் கூடாது.
மினுமினுப்பு ஞாபகம் வரக் கூடாது.
கத்தி கயிற்றின் மேல் யோசிக்கக் கூடாது.

அதனால் சங்கிலி எட்டு மீட்டர் போதும்,
மீதி நைலான் கயிறு,
கடைசி முனையில் ஆரஞ்சு மிதவை.
மறுநாள் அது அங்கேயே கிடந்தால்
போய் எடுத்துக்கொள்வோம்.
கிடக்காவிட்டால்
வலையில் சிக்கியவர் வீட்டுக்குப் போகட்டும்.

"பில் எந்த ஸ்டேட்டுக்கு?"
"படகு இன்னைக்கு விழிஞ்ஞத்தில."
"நாளைக்கு?"
"தேங்காய்ப்பட்டணம்."
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு ஏதோ எழுதினார், நான் பார்க்கவில்லை.

கயிறும் சங்கிலியும் டெம்போவில் வரும்.
பையை மட்டும் தோளில் ஏற்றி
திருவனந்தபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.
"பையிலெந்தா?"
"நங்கூரம்."
இரண்டு பாஷைக்கும் அந்தச் சொல் போதுமாயிருந்தது.
கண்டக்டர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்,
லக்கேஜ் ஒன்று கிழித்தார்.

பாறசாலை வளைவில் டிரைவர் பிரேக் மிதித்தபோது
பை ஒரு சாண் நழுவிப்போய்
முன்சீட்டின் காலில் கொளுவி
நின்றது.