அழுக்கில்லை

எலுமிச்சைத் தோல், கடலைமாவு, பீர்க்கங்கூடு,
கடைசியில் பாத்திரம் துலக்கும் நார்.
இரண்டு வருஷம் தேய்த்தாள் அம்மா.
சிவக்கும், எரியும்;
தோல் ஆறியதும் அந்தக் கறுப்பு
காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரன் மாதிரி
கழுத்து மடிப்பில் வந்து படுத்துக்கொள்ளும்.

மே மாத வெயிலிலும் மஃப்ளர் கட்டினேன்.
குன்னூரில் அது ஒரு வசதி,
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ்தான்
அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள்.
"சோப்புக்குப் போகாது பெனிட்டா,
இது உள்ளேயிருந்து வருவது."
வெறும் வயிற்றில் நூற்றுப் பதினொன்று.
இன்சுலின் எக்கச்சக்கமாம்,
கேட்பாரில்லாமல் சுற்றுகிறதாம்.
"சர்க்கரையா? பத்தாங் கிளாஸிலா?"
வர்க்கித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்தபடி
அப்பா சிரித்தார்.
எங்கள் வீட்டில் மூச்சு விட்டாலே
டால்டாவும் சீனியும்தான் உள்ளே போகும்.

மைதானத்தில் பதினெட்டுப் பேர்.
திங்கள், புதன், வெள்ளி. பன்னிரண்டு வாரம்.
இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை,
மறுபடி, மறுபடி.
மூடுபனிக்குள்ளிருந்து ஹில்டா மிஸ்ஸின் விசில் மட்டும் வரும்.
முதல் வாரம் ருக்சானா வாந்தியெடுத்தாள்.
நான் கக்கூஸில் ஒளிந்தேன்.
மூன்றாவது வாரம் காட்டெருமை ஒன்று
கோல்கம்பங்களுக்கு நடுவே வந்து நின்று
அசைபோட்டது, போகவேயில்லை.
அன்று ஓடாமலே எங்களுக்கெல்லாம் நாடி நூற்றைம்பது.

ஓடி நின்றதும் எண்ண வேண்டும்:
தாடைக்குக் கீழே இரண்டு விரல்,
பதினைந்து வினாடி, பெருக்கல் நாலு.
விரல் வைக்கச் சொன்ன இடம்
நான் மூடி வைத்திருந்த இடம்.
மஃப்ளரோடு தேடினேன், துடிப்பு அகப்படவில்லை.
கழற்றினேன்.
மிதுன் பார்த்தான். பார்க்கட்டும்.
அம்மா தேய்த்துத் தேய்த்துத் தோற்ற தோலுக்கு அடியில்
யாரோ அவசரமாகப் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் எடை பார்த்தார்கள்.
எண்ணூறு கிராம் குறைந்திருந்தது.
"ஒரு கிலோ வர்க்கிகூட இல்லையே,
இதுக்கா இத்தனை ஓட்டம்?" என்றாள் சித்தி.
படுத்திருக்கையில் தொண்ணூற்றிரண்டாக இருந்தது
எழுபத்தாறு ஆகியிருப்பதை
அவளிடம் எப்படிச் சொல்வது?
ராத்திரி காதைத் தலையணையில் வைத்தால்
அது ஒரு படியில் நின்று, வேடிக்கை பார்த்து,
பிறகு அடுத்த படிக்குப் போகிறது.
சர்க்கரை தொண்ணூற்றெட்டு.
கறுப்பு அங்கேயேதான் இருக்கிறது.
கொஞ்சம் வெளுத்தாற்போல் தெரிவது
குழல்விளக்கின் வேலையாகவும் இருக்கலாம்.

இன்று விடியற்காலை நாலரை.
மைதா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
கீழ்ச்சாலையிலிருந்து வந்த அப்பா
ஓட்டுப்பட்டறைப் படிக்கட்டில் பாதியிலேயே
உட்கார்ந்துவிட்டார்.
இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.
"ஒண்ணுமில்ல, குளிரு."
சட்டைக் காலரை விலக்கினேன்.
இருபது வருஷ அடுப்புக் கரி என்று
நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தது
என்னுடையதைப் போலவே, அதே மடிப்பில்.

இரண்டு விரல் வைத்தேன்.
செல்போன் வெளிச்சத்தில் பதினைந்து வினாடி.
அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
முப்பத்தொன்று.
"எவ்வளவு?" என்றார்.
"மூட்டை இங்கேயே கிடக்கட்டும்ப்பா" என்றேன்.