நாற்பத்தோராவது வரி

அசையாக் கணக்குகளின் பட்டியல்
ஆடியில்தான் என் மேசைக்கு வரும்.
எல்லாச் சல்லடையிலும் எப்படியோ தப்பி
நாற்பத்தோராவது வரியில் கிடந்தது:
மலபார் யூனியன் உதைபந்தாட்டக் கழகம்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.
மீதி இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபாய், அறுபது சதம்.
எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும்.

கோப்போடு ஒரு குறிப்பேடும் இருந்தது,
பத்திரமாக வைக்கச் சொல்லி யாரோ ஒப்படைத்தது.
வாய் மலையாளம், எழுத்துத் தமிழ்.
சில வரிகளில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன;
'பந்து' வரும் இடத்தில் மட்டும் சமாதானம்.

சந்தா ஆளுக்கு இருபத்தைந்து சதம்.
பைலி, வெல்டிங். குஞ்ஞம்பு, கொதிகலன்.
அவறான், எண்ணெய்த் தாங்கி.
சங்கு ஊதியதும் டொக்யாட் வாசலில் இருந்து
நேரே மைதானம். கரி கழுவாத முகங்கள்.
எதிரணி சொல்லுமாம்: உங்களுக்குச் சீருடை எதற்கு?

நாற்பத்திரண்டு சித்திரை:
"குண்டு விழுந்தபடியால் பயிற்சி இல்லை."
அடுத்த வாரம்:
"பயிற்சி இல்லை. அவறானைக் காணவில்லை."
அதற்கடுத்த வாரம்:
"அவறானின் சப்பாத்து யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கப்பட்டது."
யாருக்குப் பொருந்தியது என்று எழுதவில்லை.

நாற்பத்தொன்பதில் கூட்டம் நீண்டிருக்கிறது.
குடியுரிமைப் படிவம் பற்றி ஒன்றரை மணி நேரம்,
புதுப் பந்து பற்றிய பேச்சு ஒத்திவைப்பு.
தகப்பன் பிறந்த ஊர் என்ற கட்டத்தில்
பதினாறு பேரும் உண்மையை எழுதினார்கள்.
அதுதான் பிழை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.
நடுவரிசை முழுவதற்கும் வேலை போயிற்று.
அதன் பிறகு மை மாறுகிறது, கை மாறுகிறது,
வசனம் மாறவில்லை:
இடது ஓரம், தலைமன்னார்க் கப்பல்.
வலது பின்காப்பு, தலைமன்னார்க் கப்பல்.
பைலி, பெண்சாதி, நாலு பிள்ளை, தையல் மெசின், கப்பல்.

ஏழு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம், அது விதி.
அறுபத்து நாலு கார்த்திகையில் அவர்கள் ஆறு பேர்.
பாலையூற்றுக்காரர் தங்கள் ரொசைரோவைக் கடன் கொடுத்தார்கள்.
அவனும் சொந்த அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டான்.
"யாரும் கோபிக்கவில்லை. ஐந்துக்கு ஒன்று. தோல்வி.
ரொசைரோவுக்குத் தேநீர், பதினைந்து சதம்."

மார்கழியில் புயல்.
இங்கே கோல் கம்பங்களைப் பிடுங்கியது,
அக்கரையில் தண்டவாளத்தையே கடல் தின்றது.
தை மாதம் வலை விற்ற காசு
முப்பத்தெட்டு ரூபாய் வரவு.
அப்புறம் வெள்ளைத் தாள்.

கையெழுத்துக்காரர் இருவரில் செயலாளர் வேலாயுதன்
வடகரைப் பக்கம் எங்கோ போய் முடிந்திருந்தார்.
மற்றவர் மனையாவெளியில் இருந்தார்.
சாத்துக்குட்டி. வாக்காளர் இடாப்பில் சாந்தகுமார்.
தொலைபேசியில் கழகத்தின் பெயரைச் சொன்னதும்
"எந்த ஆட்டம்?" என்று கேட்டார்.

மறுநாள் வந்தார். இடக்கையில் மடங்காத இரண்டு விரல்.
கையெழுத்து ஒத்துப்போனது, வாலைத் தவிர.
"ஒன்று போதாது ஐயா" என்றேன்.
சிரித்தார். "ஏழு பேர் எண்டா ஆடலாம்,
ரெண்டு பேர் எண்டா காசெடுக்கலாம்.
தனியாள் கோலுக்குள்ள நிக்கலாம், அவ்வளவுதான்."

பிறகு குனிந்து, கண்ணாடிக்கு அடியால் கேட்டார்:
"போடுறதுக்கு எத்தினை கையெழுத்து?"

ஒன்றும் வேண்டாம், யாரும் போடலாம்.

இருபது ரூபாய்த் தாள், நாலாய் மடித்தது.
சந்தா பாக்கியாம். எந்த வருடத்தினது என்று நான் கேட்கவில்லை.
கணக்கு அசைந்துவிட்டது; இனிப் பத்து வருடத்துக்கு
கொழும்பு இதைத் தொட முடியாது.
பட்டியலில் நாற்பத்தோராவது வரியை வெட்டினேன்.
மேலாளர் காரணம் கேட்பார், கேட்கட்டும்.

வெளியே மைதானத்து மதில் ஓரம்
ஒரு மான் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
அவர் அதைச் சுற்றிக்கொண்டு மெல்லப் போனார்.

வைப்புச் சீட்டு இன்னும் என் மேசையில்.
செலுத்துபவர் என்ற இடத்தில் கழகத்தின் பெயர்.
பதவி என்ற இடத்தில், நடுங்கிய எழுத்தில்:
கோலி.