பதம் பார்த்தல்

சுங்கை காடுட்டில்
மணிக்குப் பதினெட்டு வெள்ளி வாடகை உலையில்
பழைய அரம் ஒன்று சிவந்தது.
எண்ணெயில் முக்கியதும் அது கத்தியது.
கத்தி என்ற பெயருக்கு
அன்றுதான் எனக்குக் காரணம் கிடைத்தது.

பதப்படுத்தியது வீட்டு அவனில்.
இருநூறு பாகை, இரண்டு மணி நேரம், இருமுறை.
நான்காம் மணியில் பக்கத்து வீட்டு ரொஸ்னா
கதவைத் தட்டி "என்ன கேக்?" என்றார்.
தட்டோடு காட்டினேன்:
வைக்கோல் நிறம், மூன்றங்குலம்,
முதுகில் அழியாமல் விட்ட அரத்தின் பல்வரிசை.
"வெந்ததும் சொல்" என்று போய்விட்டார்.

தக்காளித் தோல் சாட்சி சொன்னது,
செய்தித்தாளும்.
ஆனாலும் வீட்டுக்குள் கிடைக்கும் சாட்சியை
நான் நம்புவதில்லை.
நாள் முழுக்க ரப்பர் வளையங்களை
இழுத்து அறுத்து எண் எழுதுவது என் பிழைப்பு.
ஆய்வுக்கூடத்தில் தாங்கியது
கப்பலில் தாங்காமல்
பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது.

வெளியே போகலாம்.
இந்தத் தீவில் எதை வெட்டுவது?
மரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு,
மரத்தில் படரும் கொடிக்கும் உண்டு.
பையில் கத்தி இருந்தால்
எதற்கு என்று கேட்கவும் ஆள் உண்டு.
அதனால் வெட்டுப்பட வேண்டியதையும்
நானே சுமந்து போனேன்:
அட்டைப்பெட்டி, சணல் கயிறு, இரண்டு கொய்யா.
கட்டுச்சோறு மாதிரி ஒரு வெட்டுச்சோறு.

கிராஞ்சியில் நீர் வற்றிய சனிக்கிழமை,
கைவிட்ட வலைகளை அகற்றும் குழு.
அனுமதிக் கடிதம் பெங் லினின் பையில்.
எதிரே ஜொகூர்,
கடற்பாலத்தில் நகராத லாரிகள்.
முழங்கால் வரை சேறு
காலணியைக் கேட்டது, கொடுத்தேன்.

அட்டை கிழிந்தது, கயிறு மூன்று இழுப்பில் போனது.
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது
பெங் லின் கூப்பிட்டாள்.

லாட நண்டு.
மல்லாந்து,
தங்கூசி வலை கால்களுக்கிடையே பத்துச் சுற்று.
ஒரு கால் ஒடிந்து
அதில் பால் கலந்த நீலமாய் ரத்தம்.
அவளிடம் இருந்த கத்தரிக்கோல்
துருப்பிடித்து வாய் திறக்க மறுத்தது.

ஓட்டுக்கும் நூலுக்கும் நடுவே
ஓர் அரிசி நுழையும் இடம்.
அலகை நுழைத்து, கூரை வெளிப்பக்கம் திருப்பி,
பெருவிரலை அந்தப் பல்வரிசையில் ஊன்றி
இழுத்தேன். டிக்.
மறுபடி, டிக்.
ஏழாவது சுற்றில் கைப்பிடி வழுக்கியது.

பிடிக்கும் அலகுக்கும் நடுவே
ஒரு மேடு வேண்டும் என்று தெரியும்.
அழகு கெடுகிறதென்று அதைத் தேய்த்து எடுத்தவளும்
நான்தான்.
கத்தியைப் பதம் பார்க்க வந்தேன்,
கத்தி என் ஆட்காட்டி விரலைப்
பதம் பார்த்துவிட்டது.

வலி பிறகுதான் வந்தது, கூரான கத்தி.
அதில் ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன்,
வெட்கம்தான்.
மிச்சம் மூன்று சுற்றை
பெங் லின் அறுத்தாள், கைக்குட்டை சுற்றிப் பிடித்து.

நண்டைத் திருப்பி வைத்தோம்.
சேற்றில் ஒரு வாணலி நடப்பது போல
நீரை நோக்கிப் போனது.
நாற்பது கோடி ஆண்டாய்
அளவு மாற்றத் தேவைப்படாத வார்ப்பு.
என்னுடையது
முதல் சனிக்கிழமையைத் தாண்டவில்லை.

அலகைக் கழுவி, கொய்யாவை அறுத்துத் தின்றோம்.
உப்பும் இரும்பும் சேர்ந்த ருசி.

நோட்டில் பெங் லினின் கையெழுத்து, நான் சொல்லச் சொல்ல:
கூர், போதும்.
துரு, மாலைக்குள் இரண்டு புள்ளி.
பிடி, தேறவில்லை.

வீட்டில் துடைத்தபோது
சேறு போனது, என் சிவப்பும் போனது.
அலகின் நடுவில் மெல்லிய நீலம் ஒன்று
தேய்த்தும் போகவில்லை.
கொய்யாச் சாறா, அந்தக் காலா,
கண்டுபிடிக்க என்னிடம் சோதனை எதுவும் இல்லை.

மின்தூக்கி வாசலில் ரொஸ்னா
கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்.
"கேக் வெந்ததா?"

"ஓரம் வெந்துவிட்டது.
நடுவில் இன்னும் கொஞ்சம்."