வந்தால், வந்தால்தான்

ருவைஸ் மூன்றாம் கேட்டில் என் மேசை,
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்.
வாங்குவது டைம்கீப்பர் சம்பளம்.
ஆங்கில நோட்டீஸைத் தமிழாக்கி ஒட்டுவது
சம்பளத்தில் சேராது.

"ஹெல்மெட் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது."
அதாவது, நுழைபவன் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும்.
ஹெல்மெட் இருந்தால் நுழையலாம் என்று
அது சொல்லவில்லை.
முதல் வாரம் எனக்கே பிடிபடாத இது
கேட் காவலனுக்குத் தெரிந்திருந்தது:
பளபளவென்று பதினோரு ஹெல்மெட்,
ஒருத்தனிடமும் பாஸ் இல்லை,
வெயிலில் வரிசை.

'அன்லெஸ்' என்று வந்தால்
டீ குடித்துவிட்டுத்தான் தொடுவேன்.
காற்று முப்பத்தெட்டைத் தாண்டினாலொழிய
கிரேன் நிற்காது.
சரி, தாண்டினால் நிற்குமா?
கிரேன் ஓட்டும் குர்பச்சனைக் கேட்டேன்.
"ஃபோர்மேன் பார்க்கிறானா இல்லையா,
அதையும் சேர்த்து எழுது" என்றான் இந்தியில்.

மெஸ் சுவரில் இருப்பதும் என் வரிதான்:
எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை.
ஏழே முக்காலுக்குப் போனவர்கள்
காலிக் குண்டானைத் தட்டிக்கொண்டு
என் பெயரைச் சொன்னார்கள்.

ஏப்ரலில் ஹெச்ஆர் அனுப்பியது ஒற்றை வரி.
மாற்றாள் வந்தால்தான் லீவு.
நான் எழுதி ஒட்டியது
மாற்றாள் வந்தால் லீவு.
தாளில் இடமில்லை என்று சொல்லலாம்.
இடம் இருந்தது.

மாற்றாள் வந்தான், சாப்ராவிலிருந்து,
காலைவிடப் பெரிய ஷூ போட்டுக்கொண்டு.
சூசைநாயகம் அன்று ராத்திரியே
மகளின் புதுநன்மைக்கு வருவதாக
ஊருக்குச் சொல்லிவிட்டார்.
ஹெச்ஆர் 'ஒன்லி'யின் மேல் விரலை வைத்தது:
ஆள் வராமல் லீவு கிடையாது என்றோம்,
ஆள் வந்தால் உண்டு என்று எப்போது சொன்னோம்?
அப்பழுக்கில்லாத நியாயம்.

சண்டைக்கு வருகிறார் என்று எழுந்து நின்றேன்.
போனில் என் நோட்டீஸின் படம்.
இரண்டு விரலால் விரித்துக் காட்டினார்.
"இதுல 'தான்' எங்க, அண்ணாச்சி?"

அவர் மனைவி லைனில் இருந்தது எனக்குத் தெரியாது.
ஸ்பீக்கர் பேசியது:
"விட்டா வருவீங்க.
வரலைன்னா விடலைன்னு அர்த்தம்.
அவ்வளவுதான, யாரையும் ஏசாதீங்க."
எந்த வகுப்பில் படித்தாரோ,
ஒரு கண்ணிகூடத் தளரவில்லை.
அந்த 'யாரையும்'மில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

'தான்' அழிய வேண்டும் என்று
எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
இங்கே அழிந்தது ஒருவரின் மே மாதம்.
மார்க்கர் எடுத்து, வரிக்கு மேலே
அம்புக்குறி போட்டு, சேர்த்தேன்.

வாளி நிறைந்தால் எழுந்து போய்க் கொட்டுவேன்.
எழுந்து போனேன்.
வாளி பாதிகூட நிறைந்திருக்கவில்லை.