பதினெட்டு

முதல் வாரம் ஐந்து டொலர் என்று வைத்தேன்.
பங்களா புக்கிங் பார்க்கும் ஏஐ ஏஜென்ட்
இருமினாலும் என் போன் அடித்தது.
இரவு பதினொன்று, ஒன்று, மூன்றேகால்.
யாரோ பிரெஞ்சில்
சுடுதண்ணி வருமா என்று கேட்டிருப்பார்கள்,
அவ்வளவுதான்.
நான்காம் நாள் போனைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கினேன்.

அன்றைக்குத்தான் தண்டவாளத்தில் மண் சரிந்தது.
ரயில் இல்லை.
எல்லவுக்கு இரண்டு சீட், எல்லவுக்கு இரண்டு சீட் என்று
விடியும்வரை கேட்டிருக்கிறது அது,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை,
ஒரு தடவையும் குரல் உயர்த்தாமல்.
பதில் நேரம் இரண்டு செக்கன். பிழை பூச்சியம்.
திரையெல்லாம் பச்சை.
பில் மட்டும் சிவப்பு.

பண்டாரவளையில், அடுத்த மேசையிலிருந்து டில்ருக்ஷன்:
"கூட்டி வை யோகமலர், ஐம்பது வை."
ஐம்பது டொலர் என்றால்
எங்கள் அம்மாவுக்குப் பத்து நாள் பேர்.

வெற்றுக் கட்டம் துடிக்கிறது.
விரல் தானாகப் பதினெட்டு என்று அடித்தது.

பதினெட்டுக் கிலோ.
ஒன்று குறைந்தாலும் அரைப்பேர்.
மழையா, அட்டைக்கடியா,
மலையில் கொழுந்தே இல்லையா,
தராசு கேட்டதில்லை.

அழித்தேன்.

பதினைந்து: காலையில் சொன்னால் போதும்.
நாற்பது: நிறுத்திவிட்டு எழுப்பு.
ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டால், காசு எவ்வளவானாலும், எழுப்பு.
எழுப்பும்போது
ஏன் என்று ஒரு வரி எழுது.

நேற்று இரண்டே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது.
"ரயில் இல்லை என்கிறார்கள்.
ஐந்து முறை கேட்டுவிட்டேன்.
என்ன செய்ய?"

பஸ் இருக்கு, சொல்லு
என்று எழுதிவிட்டு
போர்வையை இழுத்துக்கொண்டேன்.